செய்தி 'கியூரேட்டர்': தொகுப்பாளரா, தெரிவாளரா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் நூலக வாசகர் வட்டம் வாரந்தோறும் உறுப்பினர்களுக்கு அனுப்பவிருக்கும் செய்தி மடலுக்காக மூவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். மாநில அரசியலுக்கும் சட்டமன்றத்துக்கும் ஒருவர், ஊராட்சி நகராட்சி நடவடிக்கைகளுக்கு ஒருவர், பள்ளி, குடிநீர், குப்பை போன்ற அன்றாடப் பிரச்சினைகளுக்கு ஒருவர். இவர்கள் செய்தி எழுதப் போவதில்லை. வெவ்வேறு ஏடுகளிலும் தளங்களிலும் வந்தவற்றுள் படித்தே ஆகவேண்டிய ஐந்தாறை எடுத்து, ஏன் எடுத்தோம் என்று நான்கு வரி எழுதி, அதன் கீழ்த் தம் பெயரையும் இடுவார்கள். ஆங்கிலத்தில் நியூஸ் கியூரேட்டர் எனப்படும் இவரைத் தமிழில் எப்படி அழைப்பது என்று கேட்டதற்கு இதுவரை ஆறு பரிந்துரைகள் வந்துள்ளன. அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் சொன்னது 'செய்தித் தொகுப்பாளர்'. இதை ஆதரித்த நண்பர் சங்க இலக்கியத்தையே துணைக்கு அழைத்திருந்தார். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றும் தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் இருவர் பெயரையும் பிரித்துக் குறித்து வைத்த மரபு நம்முடையது என்ற அவருடைய வாதம் வலுவானது. 'தொகுப்பித்தவர்' என்ற சொல்லை மடலை வெளியிடும் வட்டத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட ஆசை வந்தது. ஆனால் அந்தத் தொகைகளில் நாம் இன்று அறியும் அளவுகோல் பெரும்பாலும் அடிக்கணக்குத்தான்: குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31. இந்தப் பாட்டை ஏன் எடுத்தேன் என்று எந்தத் தொகுப்பாளரும் நமக்கு எழுதி வைக்கவில்லை. நாம் தேடும் ஆளின் வேலையோ அதைச் சொல்வதில்தான் இருக்கிறது. இதைவிடப் பெரிய இடர்ப்பாடு இன்றைய வழக்கு. தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்துபவரும் தொகுப்பாளர், திரைப்படத்தை வெட்டி ஒட்டுபவரும் தொகுப்பாளர், விக்கிப்பீடியாவில் எழுத்துப்பிழை திருத்துபவரும் 'தொகு' என்ற பொத்தானைத்தான் அழுத்துகிறார். இத்தனை பேர் ஏறிய வண்டியில் இன்னொருவரையும் ஏற்ற வேண்டுமா?

'செய்திக் காப்பாட்சியர்' என்ற பரிந்துரை அருங்காட்சியகத்திலிருந்து வந்தது. கியூரேட்டரின் மூலச் சொல் இலத்தீனில் பேணுதலைக் குறிப்பது உண்மையே. ரோமாபுரியின் நீர்வழங்கலைக் கவனிக்க கி.பி. 97இல் அமர்த்தப்பட்ட பிரான்டினசின் பதவிப் பெயரும் இதே சொல்தான். ஆயினும் சொல் நடந்து வந்த தொலைவை நாம் திரும்ப நடக்க வேண்டியதில்லை. வெண்கலச் சிலையைப் பேணலாம். மாலைக்குள் பழையதாகிவிடும் செய்தியை யார் பேணப் போகிறார்கள்? 'திரட்டி' என்பது வலைப்பதிவுத் திரட்டிகளின் காலத்திலேயே தானாக இயங்கும் நிரலுக்குப் பெயராகிவிட்டதால் 'திரட்டுநர்' சரிப்படாது. அந்நாளில் வாரம் ஒரு பதிவரைப் பொறுப்பேற்கச் செய்து பிறருடைய பதிவுகளை அறிமுகப்படுத்திய வலைச்சரத்தை நினைவில் வைத்து ஒருவர் 'செய்தி தொடுப்பாளர்' என்று எழுதியிருந்தார். சரம் தொடுக்கும் உவமை அழகானதே. ஆனால் 'தொடுப்பு' என்றால் எங்கள் ஊரில் வேறு பொருள் என்பதை அவருக்கு யாராவது தனிமடலில் சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஆய்தல்'. கீரை ஆயும்போது அழுகலையும் புல்லையும் ஒதுக்கிவிட்டுச் சமைக்கத்தக்கதை மட்டும் எடுக்கிறோம் அல்லவா, இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான வினை தமிழில் இல்லை. ஆனால் 'செய்தி ஆய்வாளர்' என்று அறிவிப்பில் போட்டால் காவல் நிலையத்திலிருந்து யாரோ விசாரிக்க வந்ததைப் போல இருக்கிறது.

ஆகவே நான் முன்வைப்பது 'செய்தித் தெரிவாளர்'. தெரிதல் என்ற வினைக்கு அறிதல், தேர்ந்தெடுத்தல் ஆகிய இரண்டு பொருளும் உண்டு. துறையை அறியாதவர் அதில் தேர்ந்தெடுக்கவும் முடியாது என்பதால் இரண்டும் ஒரே சொல்லில் இருப்பது நமக்கு வசதி. சட்டமன்றத்தில் சட்டமுன்வடிவு நிறைவேறியதையே 'புதிய சட்டம் வந்தது' என்று தலைப்பிட்டிருந்தால், ஒப்புதல் கிடைக்கும்வரை அது சட்டமாகாது என்று தெரிந்தவரே அதைத் தள்ளிவிட்டு அடுத்த ஏட்டைப் பார்ப்பார். கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடும் என்ற பழைய கணக்கிலேயே இருப்பவருக்கு, மார்ச் 22க்கும் நவம்பர் 1க்கும் உரிய கூட்டங்களைப் பற்றி உள்பக்க மூலையில் வந்த இரண்டங்குலச் செய்தி கண்ணில் படாது. திருக்குறளில் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல், 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். இரண்டுமே ஆளைத் தேர்வதைப் பற்றியவை. தெரிவாளரை நாம் தெரியும் முறைக்கும் அந்தச் சொல் பொருந்துகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேஸ்புக் 2014 ஜனவரியில் 'டிரெண்டிங்' என்ற செய்திப் பட்டியலைத் தொடங்கியபோது அதற்கு ஆள் வைத்தே தேர்ந்தெடுத்தது. அவர்களுக்கு இட்ட பெயரும் நியூஸ் கியூரேட்டர்தான். யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. பழமைவாதச் செய்திகள் ஒதுக்கப்பட்டன என்று முன்னாள் பணியாளர் ஒருவர் கூறியதாக 2016 மே மாதம் கிஸ்மோடோ என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் வெளியிட்டதும் பெரும் சர்ச்சை எழுந்தது. ஆகஸ்டு இறுதியில் அவர்களை விலக்கிவிட்டுக் கணிநிரலிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். சில நாள்களுக்குள்ளேயே மெகின் கெல்லி என்ற செய்தியாளரைப் பற்றிய பொய்ச் செய்தி பட்டியலின் உச்சிக்கு வந்தது. 2018இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஆள் வேண்டும், அவர் பெயர் தெரிய வேண்டும், அவர் காரணம் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்த நான்கு வரிக் காரணத்தைத் 'தெரிவுரை' என்று அழைக்கலாம். துறைவாரியாக இருப்பவர் 'துறைத் தெரிவாளர்'.

மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.
அன்புடன், கோவையிலிருந்து.

*

ஐயா, வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 'தெரிவு' எங்களுக்கு நாளாந்தச் சொல். பாராளுமன்றத் தெரிவுக்குழு என்கிறோம்; தேர்தலில் வென்றவர் தெரிவு செய்யப்பட்டார் என்கிறோம். அதனால் தெரிவாளர் என்ற சொல் இங்கே விளக்கமின்றியே விளங்கும். தமிழ்நாட்டில் 'தேர்வு' பரீட்சையாகிவிட்டபடியால் 'தேர்வாளர்' என்று வைத்தால் அங்கே குழப்பும் என்பதும் விளங்குகிறது. ஆய்தல் எங்களிடம் பூவுக்கும் மாங்காய்க்கும் உரியது. மரத்திலிருந்து பறிப்பதைத்தான் குறிக்கும், தெரிந்தெடுப்பதை அல்ல.

ஆனால் 'துறைத் தெரிவாளர்' பிழையாகப் படிக்கப்படும். பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் சேருவது என்று ஆலோசனை சொல்பவர் போல ஒலிக்கிறது. துறையின் பெயரையே முன்னால் வைத்து 'அரசியற்செய்தித் தெரிவாளர்' என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

உங்கள் மூன்றாவது ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர் பார்க்கும் அன்றாடப் பிரச்சினைகளை ஆங்கிலத்தில் கம்யூனிட்டி நியூஸ் என்பார்கள்; அதற்கு நேராகச் 'சமூகச் செய்தி' என்று போடப் போகிறீர்களா? இங்கே 'முஸ்லிம் சமூகம்', 'மலையகச் சமூகம்' என்று இனக்குழுவைச் சுட்டுகிறோம். உங்கள் பக்கத்தில் நிலைமை இன்னும் சிக்கலாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பணிக்கு விண்ணப்பிப்பவர் எந்தச் சமூகத்தின் செய்தி என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வாயிற்காவலர் (ஆங்கிலத்தில் கேட்கீப்பர்) என்ற பரிந்துரையை நீங்கள் தொடவேயில்லை என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். டேவிட் மேனிங் வைட் 1950இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அமெரிக்க நாளேட்டின் தந்திச்செய்தி ஆசிரியருக்கு 'மிஸ்டர் கேட்ஸ்' என்று புனைபெயர் கொடுத்து, தந்திவழி வந்த செய்திகளில் பத்தில் ஒன்பது பங்கை அவர் ஒதுக்கியதைக் காட்டினார். எடுப்பதைவிடத் தள்ளுவதே இந்த வேலையில் பெரிய பங்கு. உங்கள் சொல்லில் அது இல்லை.

*

அம்மா, வணக்கம்.

'துறைத் தெரிவாளர்' என்பதைக் கைவிடுகிறேன். துறைப்பெயரை முன்னால் வைக்கும் உங்கள் முறையே தெளிவாக இருக்கிறது.

சமூகம் பற்றிய உங்கள் ஐயம் முழுக்க நியாயமானது. இங்கே ஆங்கிலப் படிவத்தில் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றிருப்பதன் தமிழ்ப் பெயர் சாதிச் சான்றிதழ். 'நம் சமுதாயத்துப் பையன்' என்று யாராவது சொன்னால் எந்தச் சமுதாயம் என்று நாங்கள் கேட்பதில்லை. 'சமூகச் செய்தித் தெரிவாளர் தேவை' என்று நூலகத்துப் பலகையில் ஒட்டினால் மறுநாளே இரண்டு சங்கங்கள் வந்து நிற்கும். 'ஊர்ப்பொதுச் செய்தி' என்று வைத்துக்கொள்கிறேன். குழாயும் பள்ளிக்கூடமும் குப்பைத்தொட்டியும் ஊர்ப்பொது என்பதில் எவருக்கும் ஐயம் வராது.

வாயிற்காவலர் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த ஆசிரியர் ஒரு நாளேட்டின் ஒரே வாசலில் நின்றார். அவர் தள்ளியதை அவ்வூர் வாசகர் பார்க்க வேறு வழி அதிகமில்லை. எங்கள் தெரிவாளர் தள்ளியது அத்தனையும் வாசகரின் கைபேசியில் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. அடைக்க வாசலே இல்லாதவரைக் காவலர் என்பது பொருந்தவில்லை. ஆனால் அதே ஆய்வில் எனக்கு உதவும் செய்தி ஒன்று இருக்கிறது. ஆய்வாளர் கேட்டுக்கொண்டதற்காக மிஸ்டர் கேட்ஸ் தாம் தள்ளிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைத்தார். அவற்றுள் பல சொந்த விருப்பு வெறுப்பாகவே இருந்தன என்பது எழுதியதால்தானே வெளிவந்தது? ஆகவே தெரிவுரையில் எடுத்ததற்கான காரணத்தோடு, அவ்வாரம் தவிர்த்த பெரிய செய்தி ஒன்றையும் தவிர்த்த காரணத்தையும் குறிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன். தள்ளுதல் சொல்லில் இல்லாவிட்டாலும் வேலையில் இருக்கும்.

நாளை ஒட்டவிருக்கும் அறிவிப்பு இது. பிழை இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்:

'வாசகர் வட்டத்தின் வார மடலுக்கு அரசியற்செய்தித் தெரிவாளர் ஒருவர், உள்ளாட்சிச் செய்தித் தெரிவாளர் ஒருவர், ஊர்ப்பொதுச் செய்தித் தெரிவாளர் ஒருவர் தேவை. விண்ணப்பிப்பவர் சென்ற வாரச் செய்திகளுள் ஐந்தைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிக்கு மிகாத தெரிவுரையும், தவிர்த்த ஒன்றுக்குக் காரணமும் எழுதித் தர வேண்டும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். மதிப்பூதியம் இல்லை, தேநீர் உண்டு.'