வரத்துக்காலைத் திறக்காம ஊரணியைத் தோண்ட வேணாம்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்க் குடிதண்ணி ஊரணியை ஆழப்படுத்த 6,50,000 ரூபா, வீட்டுக்கு 25,000னு சங்கச் செயலாளர் தம்பி போட்ட மடலைப் பாத்தேன். பதில் லேட்டானதுக்கு கோவிச்சுக்காதீங்க, இங்க ரங்கூன்ல கரண்டு வர்ற நேரம் பாத்துத்தான் எல்லா வேலையும். நான் வைகாசியில முளைப்பாரிக்குப் போயி பதினெட்டு நாள் ஊர்ல இருந்துட்டு வந்தவ, கண்ணால பாத்ததைச் சொல்லாம காசை மட்டும் அனுப்ப என் மனசு கேக்கலை. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

வடக்குப் படித்துறையில பதினோரு படியும் வெளிய தெரியுது. நடுவுல மூணு ஊத்து தோண்டி வச்சிருக்காங்க, ஒவ்வொண்ணும் இடுப்பளவு குழி. அதுல சின்ன அத்தாச்சி மண்டி போட்டு உக்காந்து சிரட்டையால மோந்து மோந்து குடத்துல ஊத்துது. சிரட்டையை அழுத்திவிட்டா கலங்கிரும், மேலாக சாச்சுத்தான் அள்ளணும், ரெண்டு சிரட்டை அள்ளுனா ஊறுற வரைக்கும் காத்துக் கெடக்கணும். ஒரு குடம் நெறைய அரை மணிக்கு மேல ஆச்சு, நான் பக்கத்துலயே இருந்தேன். வீட்டுக்குக் கொண்டாந்து தேத்தாங்கொட்டையை குடத்து உள்பக்கம் உரசிவிட்டு ராத்திரி பூரா தெளிய வச்சு காலையில வேட்டித்துணியில வடிகட்டி எனக்கு ஒரு செம்பு குடுத்துச்சு. குடிக்கவே தொண்டையில எறங்கலை எனக்கு. காவிரித் தண்ணி குழாய்ல எட்டு நாளைக்கு ஒருக்கா வருது, கடைக்கோடி ஊருங்கறதால அதுவும் கொஞ்ச நேரம்தான். மத்த நாளெல்லாம் வண்டித் தண்ணி, குடம் 12 ரூபா. அறுபது தாண்டுன பொம்பளைங்க இரும்புத் தள்ளுவண்டியில எட்டு குடத்தை அடுக்கி தார் ரோட்டுல தள்ளிட்டுப் போறாங்க.

ஆனா ஊரணி வத்துனது தூர் சேந்ததால இல்லைங்க. ஐயனார் பொட்டல்ல இருந்து புளியமரத்தடி வழியா ஊரணிக்கு மழைத்தண்ணி கொண்டாற வரத்துக்கால் இருக்குல்ல, அதை நான் நடந்தே பாத்தேன். பொட்டல்ல தொடங்குறப்ப நாலு அடி அகலம் தெளிவா இருக்கு. அப்பறம் சீமைக் கருவேலங்காடு, உள்ள புகவே முடியலை, சீலை கிழிஞ்சுருச்சு. அதைத் தாண்டுனா கீழவீட்டுப் புதுச் சுவரு. சுவருக்கு அடியில ஆறு அங்குலக் குழாய் ஒண்ணு போட்டு விட்டிருக்காங்க, அதுவும் மண்ணு அடைச்சுக் கெடக்கு, நான் குச்சியை விட்டுப் பாத்தேன், ஒரு முழம்கூட போகலை. நாலு அடி காலு ஓடுற இடத்துல ஆறு அங்குலம்! போன ஐப்பசியில பேஞ்ச மழை பொட்டல்ல தேங்கி, ரோட்டோரமா திரும்பி கடலுக்கு ஓடிருச்சுன்னு ஆடு மேய்க்கிற பெரியவரே சொல்றாரு. தண்ணி வராத ஊரணியை எட்டு அடி தோண்டுனா எட்டு அடி பள்ளம்தான் கெடைக்கும்.

இன்னொரு பயம் எனக்கு, அதைத்தான் எல்லாரும் கேக்கணும். நம்ம பக்கம் நெலத்தடியில உப்பு. மேல பேயுற மழைத்தண்ணியை களிமண்ணு தாங்கி வச்சிருக்கு, அதனாலதான் நம்ம பெரியவங்க ஊரணியை ஆழமா வெட்டாம அகலமா வெட்டுனாங்க. எங்க ஐயா சொல்லும், களி தட்டுச்சுன்னா மம்பட்டியை வச்சுட்டு மேல ஏறிரணும்னு. ஜேசிபிக்காரனுக்கு களி தெரியாது, மணிக்கணக்குதான் தெரியும். அந்த அடுக்கை உடைச்சுட்டா கீழ இருக்குற உவரு மேல வந்துரும், இல்லைன்னா நிக்கிற நல்ல தண்ணி கீழ போயிரும், ரெண்டுல எது நடந்தாலும் திருப்பி சரி பண்ண முடியாது. எஸ்டிமேட்டுல எட்டு அடின்னு போட்டது யாரு, மண்ணைப் பாத்தாங்களா?

ஊரணிக் கெழக்கால போர் போட்டு லாரியில தண்ணி ஏத்துறாங்களே, அதைப் பத்தியும் ஆளாளுக்கு கோவத்துல பேசுறீங்க. அவங்க பட்டா நெலத்துக்கு அடியில இருக்குற தண்ணியை எடுத்துக்கலாம்னு 1882-ம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டமே சொல்லுது, அதை வச்சு சண்டை போட்டா வருஷக்கணக்கா இழுக்கும். வரத்துக்கால் அப்படி இல்லை. அது வாய்க்கால் புறம்போக்கு, யாரு பட்டாவும் கிடையாது. நெலத்தை அளந்து வரைஞ்ச புலப்படத்தை எடுத்து சர்வேயரை வச்சு அளந்து கல்லு நட்டாப் போதும், அங்க ஊருக்கு உரிமை இருக்கு.

அடுத்து வீட்டுக் கூரை. இந்த மடலை எழுதுறப்ப இங்க ஆடி மழை கொட்டுது, தகரத்து மேல விழுற சத்தத்துல பக்கத்து ரூம்ல பேசுறது கேக்கலை. ரங்கூன்ல வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல பேயுது. அப்படியும் ஆத்துக்கு அந்தப் பக்கம் டலாவுல பங்குனி சித்திரை வந்தா குடிக்க தண்ணி கெடையாது, ஆத்துல உப்பு ஏறிரும், குளம் வத்திரும். அங்க எங்க மாமியார் வீட்டுப் பக்கம் குடிதண்ணிக் குளத்தைச் சுத்தி வேலி, சொன்ன நேரத்துக்குத்தான் கதவு திறக்கும், ஆளுக்கு ரெண்டு டின்னு, தோள்ல காவடி போட்டு சுமந்துட்டு வரணும். மாடு எறங்காது, யாரும் காலு கழுவ மாட்டாங்க. வீட்டுல மழைக்காலத்துல கூரைத்தண்ணியை துவாந்தே ஊர் மண் ஜாடியில புடிச்சு மூடி வச்சிருவாங்க, எங்க மாமியா சாகுற வரைக்கும் அந்த ஜாடியில எச்சிக்கை பட விட்டதில்லை. இவ்வளவு மழை பேயுற ஊர்லயே சேத்து வச்சாத்தான் கோடைக்குத் தண்ணி.

நம்ம மாவட்டத்துல சராசரியா 800 மில்லிமீட்டர் சொச்சம், அதுலயும் பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகை மார்கழியில கொட்டிட்டுப் போயிரும். 1,000 சதுர அடி காங்கிரீட் மாடி மேல ஒரு அங்குலம் மழை பேஞ்சா 2,300 லிட்டருக்கு மேல வருது. 10,000 லிட்டர் தரைத்தொட்டி நெறைய அஞ்சு அங்குல மழை போதும். அஞ்சு பேரு இருக்குற வீட்டுல குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 50 லிட்டர்னு வச்சா 200 நாளு, தையில தொடங்குனா ஆடி வரைக்கும் வந்துரும். அத்தாச்சி ஊத்துல மண்டி போட வேண்டியதில்லை.

2003-ல எல்லா வீட்டுலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சொன்னப்ப நம்ம ஊர்லயும் மாடியில இருந்து குழாயை எறக்கி குழிக்குள்ள விட்டாங்களே, அது நல்ல தண்ணி ஊறுற ஊருக்கு சரி. நம்ம ஊர்ல மண்ணுக்குள்ள விட்ட தண்ணி உப்போட போயி சேந்துருச்சு. நமக்கு தொட்டிதான் வேணும், வெளிச்சம் படாம கொசு போகாம மூடுன தொட்டி, மொத மழை பத்து நிமிஷத்தை வெளிய விட்டுட்டு அதுக்கப்பறம் மணலு கரி ஜல்லி வழியா உள்ள விடணும். பெரிய வீடுகள்ல முத்தத்துல அண்டா வச்சு புடிச்சதை நம்ம எல்லாரும் பாத்தவங்கதானே.

என் யோசனை இதுதான். மொதல்ல வரத்துக்காலை அளந்து திறப்போம், ஊரணியில சேத்தை மட்டும் அள்ளுவோம், களியைத் தொட வேணாம். மிச்சக் காசுல ஆள் துணை இல்லாத ஆறு வீட்டுக்கு தொட்டி கட்டுவோம், கொத்தனாரு வீட்டுக்கு 80,000 ஆகும்னாரு.

— ரங்கூன் வீட்டு மூத்தவ, தாம்வே

* * *

மூத்தவளுக்கு,

ஆறு வீடு 80,000 வீதம் 4,80,000. மிச்சம் 1,70,000, அதுல அளவு, கருவேலம் வெட்டுறது, சேறு அள்ளுறது எல்லாம் முடியுமா? மூணு கொத்தனார்கிட்ட எழுத்துல கொட்டேஷன் வாங்காம ஒத்த பைசா குடுக்கக் கூடாது. கும்பாபிஷேகத்துக் காசுல மீதி என்ன ஆச்சுன்னு நாலு வருஷமா கேக்குறேன், பாஸ்புக் யாரு கையில இருக்குன்னே பதில் இல்லை. நான் கேட்டா மோல்மீன்காரன் எச்சக்கணக்கு பாக்குறான்னு பின்னாடி பேசுறீங்க, பேசுங்க, கேக்குறதை நிறுத்த மாட்டேன்.

இன்னொண்ணு யாரும் யோசிக்கலை. நம்ம பர்மா பாஸ்போர்ட்டுக்காரங்க சங்கக் கணக்குல நேராப் போட்டா அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ம் வருஷத்து எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்துல சங்கம் பதிவு பண்ணியிருக்கணும், 2020-க்கு அப்பறம் அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில தொறந்த கணக்குக்குத்தான் மொதல்ல போகணும். நம்ம சங்கத்துக்கு அந்தப் பதிவு கெடையாது. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்குற சிங்கப்பூர், துபாய் பிள்ளைங்க சம்பாத்தியத்துல குடுக்குறதுக்கு இந்தத் தொல்லை இல்லை. தெரியாம போட்டு செயலாளர் தம்பி தலையில கேசு விழக் கூடாது. பர்மா காசு கியாட்டு மதிப்பு விழுந்து கெடக்குற நேரத்துல நம்ம குடுக்குற காசு எவ்வளவு கஷ்டத்துல வருதுன்னும் ஊர்க்காரங்களுக்குத் தெரியணும்.

— மோல்மீன் அம்மான்

* * *

எல்லாருக்கும்,

படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரலை. வடக்குப் படித்துறைக் கல்லுல ரங்கூன்வாசிகள் உபயம்னு இருக்கு, அதுல எங்க தாத்தா பேரு மூணாவது. 1942-ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு விழுந்தப்ப அங்க இருந்து நடந்தே வந்தவரு, ரெண்டு பிள்ளையை வழியில பறிகுடுத்தவரு, வந்து சேந்ததும் மொதல்ல அந்தப் படியிலதான் உக்காந்து தண்ணி குடிச்சாராம். அந்த ஊரணியை இன்னொருத்தன் கொட்டேஷன்ல அளக்குறது எனக்கு வலிக்குது. ரங்கூன்காரங்க வெட்டுனதை ரங்கூன்காரங்கதான் எடுத்துக் கட்டணும், 25,000 என்ன, நான் 40,000 தர்றேன்.

ஆனா கீழவீட்டு மேல சர்வேயரை ஏவுறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். 1964-ல பர்மாவுல கடையெல்லாம் அரசாங்கத்துக்குப் பறிகுடுத்துட்டு கட்டுன துணியோட கப்பல்ல வந்து எறங்குனப்ப எங்களை ஊருக்குள்ள கூப்பிட்டு ரெண்டு மூட்டை நெல்லு போட்டது கீழவீட்டு ஐயா. எங்க அம்மா கடைசி வரைக்கும் அந்த வீட்டு வாசலைத் தாண்டுறப்ப கும்பிடும். உனக்கு அது தெரியாது மூத்தவளே, நீங்க பர்மாவுலயே தங்கிட்டீங்க.

— வியாசர்பாடி சித்தப்பா

* * *

சித்தப்பா,

நாங்க தங்கிட்டோம்கிறது நீங்க சொல்லி எனக்கு வலிச்சுது, ஆனா அந்த நெல்லை நான் மறந்தவ இல்லை. நீங்க சொன்ன அதே கீழவீட்டு ஐயாதான் ஒவ்வொரு புரட்டாசியும் வீட்டுக்கு ஒரு ஆளுன்னு தமுக்கு அடிச்சுக் கூப்பிட்டு அந்த வரத்துக்காலை வெட்டிவிடுவாரு, எங்க ஐயாவும் ஊருக்குப் போனப்ப மம்பட்டி புடிச்சிருக்கு. ஆள் வராத வீட்டுக்கு அபராதம் போட்டதும் அவருதான். இன்னைக்கு அவரு இருந்தா சொந்தப் பேரன் சுவத்தைத்தான் மொதல்ல இடிப்பாரு. சர்வேயரு வர்றது யாரையும் அவமானப்படுத்த இல்லை, எது வரைக்கும் ஊருது, எது வரைக்கும் வீட்டுதுன்னு கல்லு நடத்தான். சுவரு கல்லுக்கு வீட்டுப் பக்கம்னா அப்படியே நிக்கட்டும், குழாயை எடுத்துட்டு நாலு அடிக்கு சிறுபாலம் கட்டிக் குடுப்போம், அந்தச் செலவை என் பேர்ல எழுதிக்கோங்க.

இன்னொண்ணு சொல்லாம விட்டுட்டேன். நான் பாத்த அன்னைக்கு மூணாவது ஊத்துல தண்ணி அள்ளிட்டிருந்தது கீழவீட்டு மதினிதான். அவங்க வீட்டுக் குழாய்லயும் தண்ணி இல்லை. நேத்து போன் போட்டுப் பேசுனேன், அளக்கட்டும் மதினி, நான் எங்க வீட்டு ஆளுககிட்ட சொல்லிக்கிறேன்னு சொல்லுச்சு.

அம்மான், நீங்க எழுதுன எஃப்.சி.ஆர்.ஏ. விஷயம் பெரிய உதவி. தொட்டிக்காசை இந்திய பாஸ்போர்ட் பிள்ளைங்க சங்கத்துல போடட்டும். நம்ம பங்கை எப்படி முறையாக் குடுக்குறதுன்னு ஆடிட்டர்கிட்ட எழுத்துல வாங்குவோம், அது வரைக்கும் பர்மாவுல இருந்து யாரும் போட வேணாம். மூணு கொட்டேஷனும் பாஸ்புக் நகலும் இந்தக் குழுவுல வரணும், நானும் உங்க கூட நிக்கிறேன்.

சித்தப்பா, தகவல் உரிமைச் சட்டத்துல இந்தியக் குடிமக்கள்தான் கேக்க முடியும், எனக்கும் அம்மானுக்கும் வழி இல்லை, உங்களுக்கு இருக்கு. பத்து ரூபா கட்டி தாலுகா ஆபீஸ்ல வரத்துக்காலோட புலப்படமும், எந்த நெலம் யாருதுன்னு எழுதியிருக்குற அ-பதிவேட்டு நகலும் கேளுங்க. உங்க தாத்தா பேரு இருக்குற ஊரணி, உங்க கையெழுத்துல போகட்டும். 30 நாளைக்குள்ள பதில் வரணும், ஆவணிக்குள்ள வந்துட்டா புரட்டாசியில அளந்து வெட்டிரலாம், ஐப்பசி மொத மழை உள்ள வந்துரும். அளக்குற தேதி தெரிஞ்சதும் எத்தனை மணியானாலும் எனக்குப் போன் போடுங்க.

— மூத்தவ