மானிட்டர் இல்லாத சர்வரில் நிலைத்து நிற்கும் டெஸ்க்டாப் செஷன்: அனுபவப் பகிர்வு

கனெக்ஷன் வேறு, செஷன் வேறு. ஹெட்லெஸ், அதாவது மானிட்டர் இல்லாத லினக்ஸ் சர்வரில் வரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது. நெட் போனால் அறுவது கனெக்ஷன் மட்டும். திறந்து வைத்த ஜன்னல்களும் பாதியில் ஓடும் வேலையும் சர்வரில் இருக்கும் எக்ஸ் சர்வரை, அதாவது திரையை வரைந்து ஜன்னல்களைக் காட்டும் நிரலைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அது உயிரோடு இருக்கும்வரை விட்ட இடத்திலேயே தொடரலாம்.

விஎன்சி என்பது தொலைவிலிருக்கும் திரையை நம் கணினியில் காட்டும் முறை. அதற்கான மென்பொருளான டைகர்விஎன்சியின் எக்ஸ்விஎன்சி தானே ஒரு எக்ஸ் சர்வர். திரையை மெமரியிலேயே வரைந்துகொள்ளும். 1920×1080 திரைக்கு, பிக்சலுக்கு 4 பைட் வீதம் 82,94,400 பைட், ஏறத்தாழ 8 எம்பிதான். கிராபிக்ஸ் கார்டோ, மானிட்டர் இருப்பதாக நம்பவைக்கும் போலி எச்டிஎம்ஐ பிளக்கோ இதற்குத் தேவையில்லை. எக்ஸ்11விஎன்சி என்ற இன்னொரு விஎன்சி நிரல் அப்படியல்ல. ஏற்கெனவே ஓடும் திரையைத்தான் அது காட்டும். மானிட்டர் இல்லாத பெட்டியில் அந்தத் திரையே வராமல் போகலாம், அல்லது மிகச் சிறிய அளவில் வரலாம். போலி பிளக்கைத் தேடவேண்டியது அங்கேதான்.

டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான சூழல் போதும். விஎன்சி தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்டான எக்ஸ்ஸ்டார்ட்அப் ஃபைலில் செஷன் மேனேஜர், டிபஸ் (நிரல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வழி) முகவரி என்ற இரண்டு வேரியபிளையும் அன்செட் செய்துவிட்டு, கடைசி வரியில் எக்ஸெக் போட்டு எக்ஸ்எஃப்சிஇயைத் தொடங்குங்கள். அந்த ஃபைலுக்கு இயக்கும் அனுமதியும் வேண்டும். பழைய குறிப்புகளைப் பார்த்துக் கடைசி வரியின் முடிவில் ஆம்பர்சாண்ட் (&) போட்டுவிடாதீர்கள். டெஸ்க்டாப் பின்னணிக்குப் போய்விடும், ஸ்கிரிப்ட் அந்த நொடியே முடிந்துவிடும். டெபியன், உபுண்டு தரும் புதிய பதிப்புகள் செஷனே முடிந்ததாக எடுத்துக்கொண்டு எக்ஸ்விஎன்சியையும் மூடிவிடும். "செஷன் சீக்கிரமே முடிந்துவிட்டது" என்ற பொருளில் பிழை வந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

* * *

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வர் கரண்ட் போய் அணைந்தாலோ எக்ஸ்விஎன்சி திடீரென்று செத்தாலோ, டிஎம்பி ஃபோல்டரில் அந்தத் திரை எண்ணுக்கான (:1, :2 என்று வருவது) லாக் ஃபைலும் சாக்கெட்டும் அப்படியே கிடந்துவிடலாம். அடுத்த முறை :1 திரை ஏற்கெனவே ஓடுவதாகச் சொல்லிவிட்டு, தொடங்க மறுக்கும். லாக் ஃபைலுக்குள் பழைய பிராசஸ் எண் இருக்கும். அந்த எண்ணில் எக்ஸ்விஎன்சி எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இரண்டையும் அழியுங்கள். உயிரோடு இருக்கும் செஷனின் சாக்கெட்டை அழித்தால் அந்தத் திரையில் புதிதாக எந்த நிரலையும் திறப்பது சிக்கலாகிவிடும்.

போர்ட் கணக்கு: 5900உடன் திரை எண்ணைக் கூட்டுங்கள். :1 என்றால் 5901. இதை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். விஎன்சி பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துக்குத்தான் மதிப்பு, 20 எழுத்து போட்டாலும் மீதி வெட்டுப்படும். லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கும்படி வைத்து, எஸ்எஸ்எச் டன்னல் (மறைகுறியாக்கிய பாதை) வழியாக 5901ஐ உங்கள் கணினிக்கு இழுத்துக்கொள்ளுங்கள். டன்னல் சும்மா இருக்கும்போது அறுந்தால் எஸ்எஸ்எச் கிளையண்ட் அமைப்பில் சர்வர்-அலைவ்-இன்டர்வலை 60 நொடி வையுங்கள்.

* * *

விஎன்சிக்குப் பதில், விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் முறையில் இணைய உதவும் எக்ஸ்ஆர்டிபி பயன்படுத்துபவர்களுக்கு. "திரும்ப வந்தால் காலி டெஸ்க்டாப், பழைய வேலையைக் காணோம்" என்பது அடிக்கடி வரும் புகார். பெரும்பாலும் பழைய செஷன் சாகவே இல்லை. பக்கத்தில் இன்னொன்று பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். யூசர் பெயரோடு கலர் டெப்த்தும் ஒத்துப்போனால்தான் அது பழைய செஷனோடு சேர்க்கும். ஒரு கணினியிலிருந்து 32 பிட்டில் வந்து, இன்னொன்றிலிருந்து 16 பிட்டில் வந்தால் இரண்டு செஷன். எல்லாக் கிளையண்டிலும் ஒரே டெப்த் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. எக்ஸ்ஆர்டிபியின் செஷன் அமைப்பு ஃபைலான செஸ்மேன் ஐஎன்ஐயில் கில்-டிஸ்கனெக்டட் ஃபால்ஸாகவும் டிஸ்கனெக்டட்-டைம்-லிமிட் 0 ஆகவும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லாகின் ஆனதும் கருப்புத் திரை வந்து உடனே வெளியே தள்ளினால், அதே யூசர் வேறெங்காவது, முக்கியமாக க்னோம் டெஸ்க்டாப்பில், லாகின் ஆகியிருக்கிறாரா என்று பாருங்கள். ஒரே யூசருக்கு டிபஸ் ஒன்றுதான், இரண்டு டெஸ்க்டாப் அதற்காக மோதிக்கொள்ளும். ரிமோட்டுக்கென்று தனி யூசர் வைப்பதுதான் நிம்மதி. அதுவும் இல்லையென்றால் ஹோம் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். திரையை அணுகும் சாவியை வைக்கும் எக்ஸ்-அத்தாரிட்டி ஃபைலை எழுத இடமில்லாவிட்டாலும் இதே அறிகுறிதான்.

* * *

செஷனை வெளியிலிருந்து கொல்பவை, அல்லது நமக்கு எட்டாமல் செய்பவை மூன்று இருக்கின்றன. முதலாவது, லாகின்களைக் கவனிக்கும் லாகின்டியின் அமைப்பில் கில்-யூசர்-பிராசஸஸ் "எஸ்" (ஆம்) என்று இருந்தால், எஸ்எஸ்எச்சில் கையால் தொடங்கிய விஎன்சி நீங்கள் லாகவுட் ஆனதும் போய்விடும். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) சர்வீஸாக ஓட்டுவதே சரி. வெறும் யூசர் சர்வீஸ் என்றால், லாகவுட்டுக்குப் பிறகும் அதை ஓடவிடும் லிங்கரையும் எனேபிள் செய்யுங்கள். இரண்டாவது, தூக்கம். டெஸ்க்டாப்பை நிறுவியதும் சர்வர் தானாகத் தூங்கப் போகலாம், அப்புறம் எஸ்எஸ்எச்சும் கிடைக்காது. ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட் டார்கெட் மூன்றையும் மாஸ்க் செய்து, தொடங்கவே முடியாதபடி ஆக்கிவிடுங்கள். மூன்றாவது, திரையைப் பூட்டும் லைட்-லாக்கர். அதற்காக அது லைட்டிஎம் என்ற லாகின் திரை நிரலை நம்பியிருக்கிறது, விஎன்சியில் லைட்டிஎம் கிடையாது. செஷன் உள்ளே நலமாக ஓடும், நமக்குத் தெரிவதோ வெறும் கருப்பு. லைட்-லாக்கரை நீக்கிவிடுங்கள். கூடவே நிழல், ஒளிபுகும் விளைவுகளைத் தரும் எக்ஸ்எஃப்சிஇயின் கம்பாசிட்டரையும் அணைத்தால் திரை நகர்வு லேசாகும்.

ரீபூட்டைத் தாண்டி ஜன்னல்கள் நிற்காது. சர்வீஸ் மறுபடி தொடங்கும், அது புதுச் செஷன். நாள்கணக்கில் ஓடவேண்டிய வேலையை, டெஸ்க்டாப்புக்கு வெளியே எஸ்எஸ்எச் வழியாகத் தொடங்கிய டிமக்ஸுக்குள் (டெர்மினலைப் பின்னணியில் காக்கும் நிரல்) போட்டால் டெஸ்க்டாப் செத்தாலும் அது பிழைக்கும், ஆனால் ரீபூட்டை அதுவும் தாண்டாது.

எல்லாம் முடிந்ததும் இப்படிச் சோதியுங்கள்: எக்ஸ்விஎன்சியின் பிராசஸ் எண்ணையும் தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லாகவுட் அழுத்தாமல் கிளையண்ட் ஜன்னலை மட்டும் மூடுங்கள். எஸ்எஸ்எச்சையும் முழுக்க விட்டு வெளியேறி, பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். இரண்டும் மாறாமல் இருந்தால் உங்கள் செஷன் நிற்கிறது. எண் மாறியிருந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்கான ஜர்னலை (சிஸ்டம்டியின் பதிவேடு) திறந்து, அதைக் கொன்றது யார் என்று தேடுங்கள்.