பசங்க கையில் கேமரா கொடுத்தால் போதுமா? (பினாங்கு, மலேசியா)

கோப்பி_ஓ:
வணக்கம். ஜெலுத்தோங் பக்கம் சனிக்கிழமைகளில் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம், பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். பள்ளி விடுமுறையில் சீன, மலாய்ப் பிள்ளைகள் சிலரையும் சேர்த்து, ஒருவர் மற்றவர் இடத்துக்குப் போய்ப் படம் எடுத்து வரச் சொல்லலாம் என்று இருக்கிறோம். நம்மவர்கள் சீனர்கள் கடல்மேல் பலகை வீடு கட்டி வாழும் சியூ ஜெட்டிக்கு, அவர்கள் லிட்டில் இந்தியாவுக்கு, அப்புறம் ஒரு கண்காட்சி. ஒரே வகுப்பில் நாலு வருஷம் படித்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை, அதுதான் எனக்கு உறுத்தல். யோசனை சொல்லுங்கள்.

தண்ணீர்மலை_தாசன்:
எனக்குப் பிடிக்கவில்லை தம்பி. தைப்பூசத்தன்று இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி ஏறிப் பார்த்தால் தெரியும், காவடி எடுப்பவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை நீட்டுகிறார்கள். என் தம்பி அழுததை ஒருத்தன் பதினைந்து படமாவது எடுத்திருப்பான், பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதே வேலைக்கு நம் பிள்ளைகளைப் பழக்கி ஜெட்டிக்கு அனுப்பப் போகிறீர்கள். 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியத் தளம் ஆனதிலிருந்து அந்த மக்கள் படும் பாடு கொஞ்சமா? பலகை வீடுதானே என்று வாசலில் நின்று சாமி மேடையையும் சாப்பிடுகிறவர்களையும் எட்டிப் பார்க்கிறார்கள். படம் எடுக்காதீர்கள் என்று எழுதி மாட்டிய வீடுகளும் உண்டு.

கோப்பி_ஓ:
அண்ணே, சுற்றுலாக்காரனும் உள்ளூர்ப் பிள்ளையும் ஒன்றா? கூடப் படிக்கிறவன் கூப்பிட்டுத்தான் போகப் போகிறார்கள்.

பிறை_அக்கா:
ஒன்று இல்லைதான், ஆனால் கேமராவைத் தூக்கியதும் யாரும் கொஞ்சம் சுற்றுலாக்காரன் ஆகிவிடுகிறார்கள். நான் இதைச் செய்து தோற்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். முதல் தடவை உங்கள் திட்டமேதான், திரும்பி வந்த படங்களில் பாதி சீனச் சிவப்புக் கூண்டு விளக்கு, பாதி பூமாலை. அஞ்சல் அட்டையில் இருப்பதுதான். 1990களில் சீனாவின் யுன்னானில் கேரொலைன் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்துச் செய்த ஃபோட்டோவாய்ஸ் என்ற முறை ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்கள் தங்கள் வயலை, தங்கள் பிள்ளையை எடுத்தார்கள், பிறகு படத்தை நடுவில் வைத்துப் பேசினார்கள், அந்தப் பேச்சு அதிகாரிகள் காதுக்கும் போனது. இரண்டாம் தடவை நானும் அப்படி மாற்றினேன்: அவரவர் வீட்டை அவரவர் எடுக்கட்டும், மற்றவர் கேள்வி கேட்கட்டும். ஒரு பையன் தன் பிளாட் வாசல் செருப்புகளை மட்டும் எடுத்து வந்தான். மலாய்ப் பெண்பிள்ளை ஒருத்தி, “உங்கள் வீட்டில் எத்தனை பேர்? எங்கே எல்லோரும் தூங்குவீர்கள்?” என்று கேட்டாள். அவனும் கூச்சப்படாமல் சொன்னான், அவள் வீட்டிலும் அதே கதைதானாம். அன்றைக்கு மதியம் வரை பேச்சு ஓயவில்லை, பசியாற வாங்கி வைத்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) ஆறியே போனது.

தண்ணீர்மலை_தாசன்:
அக்கா சொல்வது பரவாயில்லை, ஆனால் அந்தச் செருப்புப் படம் இப்போது யாரிடம் இருக்கிறது? கண்காட்சி என்றதும் ஒரு பிரமுகர் வருவார், “பாவம் பிள்ளைகள்” என்பார், அடுத்த நாள் எல்லோர் கைப்பேசியிலும் அந்த வீடு சுற்றும்.

பழைய_ரோல்:
நடுவில் ஒரு விஷயம். கைப்பேசியில் 200 எடுத்து ஒன்றைப் பதிவேற்றுவதுதான் கெடுதல். பிலிம் ரோலில் 36 தான் இருக்கும், அதனால் யோசித்து எடுப்போம். இன்று பிலிம் விலைக்குக் கட்டுப்படியாகாது, ஆளுக்கு 12 படம், அழிக்கக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள்.

பிறை_அக்கா:
அழிக்கக் கூடாது என்பது வேண்டாம். படத்தில் இருப்பவர் வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே அழிக்க வேண்டும். அனுமதிக் கடிதம் மூன்று மொழியில் இருக்கட்டும், பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். தாசன் அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது, அதற்காக எடுக்காமலே விட்டால் யார் எடுத்தது மிஞ்சும்?

தண்ணீர்மலை_தாசன்:
நீங்கள் கேட்டதும் கம்போங் புவா பாலாதான் ஞாபகம் வருகிறது. கெலுகோரில் மாடு வளர்த்த நம் ஆட்கள் கிராமம், 2009இல் இடித்தார்கள். எனக்கு நினைவில் நிற்பவை பத்திரிகைப் படங்கள்தான்: மண்வாரி இயந்திரம், அழும் முகங்கள். பால் கறக்கும் காலை நேரத்தை அங்கிருந்த பிள்ளை ஒருவன் எடுத்த படத்தை நான் பார்த்ததில்லை. சரி, எடுக்கட்டும். ஆனால் படம் பிள்ளைகளிடமே இருக்க வேண்டும், கண்காட்சி கூடாது.

கோப்பி_ஓ:
ஜெட்டிக்குப் போவதை விட்டுவிடுகிறேன், முதலில் அவரவர் வீடு. கண்காட்சியை விட முடியாது அண்ணே, ஹால் வாடகைக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவர் அதைக் காட்டித்தான் கொடுத்தார்.

தண்ணீர்மலை_தாசன்:
அப்படியென்றால் அந்த 300 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். நான் தருகிறேன்.

பிறை_அக்கா:
அவசரப்படாதீர்கள் இருவரும். சனிக்கிழமை பிள்ளைகளிடமே கேட்டுவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.