அவசர சிகிச்சைப் பிரிவை ஒட்டி உடனடி சிகிச்சை கிளினிக்: செவிலியர்களின் கருத்து என்ன?

கேள்வி (இளம் செவிலியர்):
காய்ச்சல், சுளுக்கு, சிறு வெட்டுக்காயம் போன்றவற்றுக்கென, அவசர சிகிச்சைப் பிரிவை ஒட்டியே ஒரு கிளினிக் தொடங்கப் போவதாக எங்கள் நிர்வாகம் அறிவித்து, செவிலியர்களின் கருத்தை எழுத்தில் கேட்டிருக்கிறது. நெரிசல் குறையும் என்று ஆதரித்து எழுதவே நான் விரும்புகிறேன். ஆனால் என் மூத்தவர்கள் தயங்குகிறார்கள். காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1:
கிளினிக் வந்தால் காத்திருப்போர் கூடம் காலியாகும், ஸ்ட்ரெச்சர்கள் காலியாகா. சுளுக்கோடு வருபவர் நாற்காலியில் அமர்ந்து, கட்டுப் போட்டதும் வீடு திரும்பிவிடுகிறார். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டும் வார்டில் படுக்கை கிடைக்காமல் விடிய விடிய நம்மிடமே கிடப்பவர்தான் இடத்தையும் ஆளையும் பிடித்துக்கொள்கிறார். அந்த அடைப்பைக் கிளினிக் தொடவே தொடாது. ஆனாலும் நான் ஆதரிப்பேன். நோயாளிகளை அவசரத்துக்கேற்ப நிறங்களால் பிரிக்கும் மான்செஸ்டர் முறையில், அவசரம் குறைந்த பச்சை நிறம் பெற்றவர் 120 நிமிடம் வரை காத்திருக்கலாம். அந்த இரண்டு மணி நேர எரிச்சல் முழுவதும் பதிவு மேசையில் இருக்கும் செவிலியர் மீதுதானே கொட்டுகிறது?

மறுமொழி 2:
என் தயக்கம் வாசலில் நடக்கும் டிரையாஜ், அதாவது யாருக்கு அவசரம், யாரை எங்கே அனுப்புவது என்று பிரிக்கும் வேலை பற்றியது. நான் முன்பு பணியாற்றிய மருத்துவமனையில், நீரிழிவு உள்ள ஒரு வயதான அம்மா "வாயுதான், ஒரு மாத்திரை போதும்" என்று சொல்ல, அவரைக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடித்தபோது, அது சில்லிட்டு வியர்த்திருந்ததை உணர்ந்தேன். இ.சி.ஜி. எடுத்தோம், மாரடைப்பு. நெஞ்சு வலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். நெஞ்சு வலி என்ற சொல்லையே உச்சரிக்காதவரை, குறிப்பாக நீரிழிவு உள்ளவரை, அனுபவமுள்ள கண்தான் பிடிக்கும். ஆகவே டிரையாஜில் மூத்த செவிலியர் இருக்க வேண்டும் என்பதையும், கிளினிக்கிலிருந்து நோயாளியை எந்த விவாதமும் இன்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கே திருப்பி அனுப்பும் உரிமை அங்குள்ள செவிலியருக்கு வேண்டும் என்பதையும் நிபந்தனையாக எழுதுங்கள். (அன்று அந்த அம்மாவை மீண்டும் உள்ளே சேர்க்க, நான் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருந்தது.)

மறுமொழி 3:
கிளினிக்குக்கு ஆள் எங்கிருந்து வரும் என்று முதலில் கேளுங்கள். புதிய பணியிடம் இல்லையென்றால் நம்மில் இருவரைத்தான் எடுப்பார்கள். மேலும், இலகுவான நோயாளிகள் எல்லோரும் அங்கே போய்விட்டால், நமக்கு மிஞ்சுவது மூச்சுவிட இடமில்லாத பணிமுறை. புதிதாகச் சேர்பவர்களும் காயம் கழுவி மருந்திடக்கூடப் பழக மாட்டார்கள். சுழற்சி முறையில் எல்லோரையும் இரு பக்கமும் அனுப்பினால் இந்தக் குறை ஓரளவு தீரும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, சிஸ்டர். ஆதரித்தே எழுதுகிறேன், ஆனால் பணியிடம், டிரையாஜ், திருப்பி அனுப்பும் உரிமை ஆகிய மூன்றையும் முதல் பத்தியிலேயே வைக்கிறேன். கிளினிக் இரவு பத்து மணிக்கு மூடும் என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. பத்து மணிக்கும் அங்கே காத்திருப்பவர்கள் யார் கணக்கு என்பதையும் சேர்த்தே கேட்கப் போகிறேன்.