பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கும் அடிப்பகுதித் துருவும்: எதில் முதலில் கை வைப்பது?

பழைய_செடான்:
வணக்கம். லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்), திட ஆக்சில் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள பழைய பின்சக்கர டிரைவ் கார். பின்னால் இடப்பக்கம் 35 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தது. பள்ளத்தில் இறங்கும்போது கிறீச் சத்தம். ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் அசையும் இணைப்பான ஷேக்கிளில், இடப்பக்க ரப்பர் புஷ் நைந்துவிட்டது. ஸ்பிரிங்கின் முன்முனையைப் பிடிக்கும் ஹேங்கர் சேசிஸில் சேரும் இடத்தில் அண்டர்கோட் (அடிப்பகுதிப் பூச்சு) உப்பியிருக்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றிப் பட்டைகளை வளைத்து, புது புஷ் போட்டுவிட்டு, பிறகு அடிப்பகுதியைச் சுரண்டிக் கருப்புப் பூச்சு அடிக்கலாம் என்று திட்டம். ஹேங்கர் போல்ட் அசைய மறுக்கிறது, கேஸ் வைத்துச் சூடாக்கலாமா?

ஆக்சில்_அடியில்:
வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் ஹேங்கர் உட்காரும் இரும்பு, அப்புறம்தான் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் முன் முனைதான் ஆக்சிலைத் தன் இடத்தில் பிடித்துவைக்கிறது, முடுக்கமும் பிரேக் விசையும் அதன் வழியாகத்தான் பாடிக்குப் போகின்றன. அந்த இடம் இற்றுப்போயிருந்தால் புது ஸ்பிரிங் போட்டும் பயனில்லை.

உப்பிய அண்டர்கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்கும், இற்றது மொத்தென்கும்.

35 மி.மீ. சாய்வுக்கு ஸ்பிரிங்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் கிராஸ்மெம்பரின் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) நடுவில் ஒரே ஒரு ஜாக் வைத்து முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். பின்பக்கம் சமமானால் கோளாறு முன் ஸ்பிரிங்கில். சாய்வு அப்படியே இருந்தால் பின்னால்தான். இந்தச் சோதனையின்போது காருக்கு அடியில் போகவே கூடாது.

போல்ட்டுக்கு கேஸ் வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் டேங்க், பிரேக் பைப். புஷ் ரப்பர் பற்றிக்கொண்டால் புகை விஷம். ஸ்பிரிங் கண் (போல்ட் நுழையும் சுருண்ட முனை) சூடானால் டெம்பரும், அதாவது எஃகுக்குக் கொடுத்த பதமும், போய்விடும். ஊடுருவும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு அடியுங்கள். பெரும்பாலும் மரையில் பிடித்திருக்காது, புஷ்ஷின் உள்குழாயோடு போல்ட்டின் உடல் துருவால் ஒட்டியிருக்கும். நட்டு கழன்ற பிறகும் போல்ட் வெளியே வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அதுதான் அடையாளம். அப்போது கண்ணுக்கும் ஹேங்கருக்கும் இடையில் ஆக்சா பிளேடை நுழைத்து, இரண்டு பக்கமும் அறுத்து எடுங்கள். புது போல்ட் அதே கிரேடில் இருக்கட்டும். துருப்பிடிக்காது என்று சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் மாட்டுவது தவறு, வலிமை குறைவு.

ஸ்டாண்டுகளை ஹேங்கருக்கு முன்னால் உறுதியான சேசிஸ் பகுதியில் வையுங்கள். ஆக்சிலுக்குத் தனி டிராலி ஜாக். ஷாக் அப்சார்பரைக் கழற்றியதும் ஆக்சில் தொங்கும், அந்த எடை பிரேக் ஹோஸில் இறங்கக் கூடாது.

பட்டை_எண்ணி:
ஸ்பிரிங் பற்றி மட்டும் சொல்கிறேன். பட்டைகளைக் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பட்டையாகப் பாருங்கள், அதிகம் உடையும் இடம் அதுதான். விரிசல் இருந்தால் பட்டையை மாற்றியே ஆக வேண்டும். வெல்டிங் வைத்தால், வெல்டை ஒட்டிய பகுதி நொறுங்கும் தன்மைக்குப் போய், அதன் ஓரத்திலேயே திரும்ப உடையும். குளிர்ந்த நிலையில் தட்டி வளைத்த பட்டையும் சில மாதங்களில் தளர்ந்துவிடும். வளைத்த பிறகு முறையாக ஹார்டன், டெம்பர் செய்யும் பட்டறை என்றால் சரி; இல்லாவிட்டால் புது செட். எதுவானாலும் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்யுங்கள்.

துருவை எடுக்கப் பட்டைகளை ஆசிடில் ஊறவைக்காதீர்கள். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, எச்சரிக்கையே இல்லாமல் முறிய வைக்கும். எலக்ட்ரோபிளேட்டிங்கிலும் அதே ஆபத்து. வயர் பிரஷ் போதும். பட்டை நுனிகள் மேல்பட்டையில் குழி போட்டிருந்தால் நுனி விளிம்பை மழுக்கிவிட்டு, பட்டைகளுக்கு இடையில் கிராஃபைட் கிரீஸ் தடவுங்கள். பாதிக் கிறீச் சத்தம் இதிலேயே போகும்.

ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை முறுக்கியதில் நீண்டிருக்கும், மரையும் தேய்ந்திருக்கும். மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் பேடின் குழிக்குள் முழுசாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். குறுக்காக, சிறிது சிறிதாக முறுக்கி, மேனுவலில் உள்ள டார்க்கில் (முறுக்கு அளவில்) முடியுங்கள். 500 கி.மீ. ஓடிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது பலரும் தவறவிடும் விஷயம். கார் ஸ்டாண்டில் நிற்கும்போது ஸ்பிரிங் கண் போல்ட்டையும் ஷேக்கிள் நட்டையும் கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். சக்கரம் தரையில் ஊன்றி, காரை முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கிவிட்ட பிறகுதான் கடைசி முறுக்கு. ரப்பர் புஷ் வழுக்காது, முறுகும். தொங்கும் நிலையில் இறுக்கினால் தரையில் நிற்கும்போதே அது முறுகிய நிலையில்தான் இருக்கும், சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் புஷ் அப்படியல்ல, குழாயின் மேல் சுழலும். அதற்கு சிலிக்கான் கிரீஸ் தேவை. ரப்பருக்குச் சாதாரண கிரீஸ் தடவினால் ஊதிப்போகும், சோப்புத் தண்ணீர் போதும்.

பழைய_செடான்:
நன்றி. முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன், சாய்வு அப்படியே இருக்கிறது. ஹேங்கர் மேல் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. விரல் நுழையும் ஓட்டை. ஃபைபர் கொண்டு அடைக்கலாமா?

வெல்டிங்_தீப்பொறி:
ஃபைபர், புட்டி எதுவும் அங்கே கூடாது, அது சுமை தாங்கும் இடம். சுத்தமான இரும்பு தெரியும் வரை வெட்டி, மூலத் தகட்டின் தடிமனுக்குக் குறையாத தகட்டை வெல்ட் செய்ய வேண்டும். துருவுக்கு மேல் ஒட்டு வைத்தால் உள்ளே அரித்துக்கொண்டேதான் இருக்கும்.

வெட்டும் முன் இரண்டு ஹேங்கர் துளைகளிலிருந்தும் சேசிஸின் நிலையான புள்ளிகளுக்குக் குறுக்களவு எடுத்து எழுதிவைத்து, பாடியைத் தாங்கு கொடுங்கள். வெல்ட் செய்பவர் ஹேங்கரைப் பழைய துருத்தடத்தைப் பார்த்து நிறுத்தக் கூடாது, அளவை வைத்தே நிறுத்த வேண்டும். 35 மி.மீ. சாய்வில் ஒரு பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். பேட்டரியைக் கழற்றுங்கள். டேங்கை இறக்கி வெளியே வையுங்கள். காலி டேங்கின் ஆவிதான் வெடிக்கும்.

பிறகு பூச்சு. பழைய அண்டர்கோட்டை ஹீட் கன்னும் ஸ்க்ரேப்பரும் கொண்டு எடுங்கள். மாஸ்க் கட்டாயம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். துரு கன்வெர்ட்டர் (துருவை நிலையான படலமாக மாற்றும் திரவம்) செதில் துருவுக்கு உதவாது; தேய்த்தும் போகாமல் ஒட்டியிருக்கும் துருவுக்கு மட்டுமே. வெறும் இரும்பில் அன்றே இரண்டு கோட் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் இணைப்புகளில் சீம் சீலர், பிறகு மேல்பூச்சு. நேரடியாகத் தார் வகைக் கருப்புப் பூச்சு அடித்தால் காய்ந்து வெடித்து, விரிசலில் ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளே அரிக்கவிடும். உங்கள் காரில் உப்பியிருந்தது பெரும்பாலும் அப்படித்தான். பெட்டி வடிவப் பகுதிகளுக்குள் கேவிட்டி வாக்ஸ் (துருத் தடுப்பு மெழுகு), எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகே, ஏனென்றால் அது எரியும். வடிகால் துளைகளை அடைத்துவிடாதீர்கள். ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள் மேல் பூச்சு படக் கூடாது.

ஆக்சில்_அடியில்:
அடியில் இருக்கும்போதே ஆக்சில் ஹவுசிங்கின் மேலுள்ள, உள்காற்று வெளியேற வைத்த பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தாண்டி பிரேக் ஷூவை நனைக்கும். எல்லாம் மாட்டியதும் இரு பக்கமும் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்து, சமமா என்று பாருங்கள்.