டிஸ்க் 100% காட்டுகிறது, ஆனால் எந்த நிரலும் அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

மெய்ப்புப்பணி:

வணக்கம் நண்பர்களே. என் லேப்டாப் கொஞ்ச நாளாகப் பாடாய்ப் படுத்துகிறது. விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி இல்லை, சுழலும் வகைதான், 5400 ஆர்பிஎம். வீட்டிலிருந்து புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். நாள் முழுக்க வேர்டும் பிடிஎஃப்பும் திறந்திருக்கும், பிரவுசரில் நாலைந்து டேப் இருக்கும், அவ்வளவுதான்.

தட்டச்சு செய்துகொண்டே இருக்கும்போது திடீரென்று எழுத்து விழுவது நின்றுவிடுகிறது. மவுஸ் அம்பு நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அசையாது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். அப்புறம் நான் அடித்ததெல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். அந்த நேரத்தில் காதைக் கொண்டுபோய் வைத்தால் உள்ளே "கிர்ர்... டிக், கிர்ர்... டிக்" என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்கிறது. கோப்பு திறக்கும்போது வழக்கமாக வரும் கரகரப்பு இது இல்லை.

டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு 6%, மெமரி 55%, டிஸ்க் மட்டும் 100%. யார் இப்படி இழுக்கிறார்கள் என்று டிஸ்க் நெடுவரிசையைத் தட்டி வரிசைப்படுத்தினால், முதலில் நிற்பதே விநாடிக்கு 0.1 எம்பி. மற்றதெல்லாம் பூஜ்ஜியம். இதுதான் எனக்குப் புரியவே இல்லை. யாருமே பயன்படுத்தாத டிஸ்க் எப்படி 100% ஆகும்?

வைரஸ் ஸ்கேன் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. தேவையில்லாத நிரல்களை நீக்கினேன், ஸ்டார்ட்அப் பட்டியலையும் குறைத்தேன். மாற்றமே இல்லை. ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்த ஒருவர். வேலைக் கோப்புகளும் பிள்ளைகளின் படங்களும் இதில்தான் இருக்கின்றன. காரணம் தெரியாமல் அதில் கைவைக்க மனம் வரவில்லை.

விரைவுச்சாவி:

சகோ, இது ரொம்பப் பொதுவான பிரச்சினை. சர்வீசஸ் பக்கத்தில் சிஸ்மெயின், விண்டோஸ் சர்ச் இரண்டையும் நிறுத்தி டிசேபிள் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். எனக்குப் பழைய கணினியில் அப்படித்தான் சரியானது.

சுழல்தட்டு:

மெய்ப்புப்பணி, தயவுசெய்து இப்போது ஃபார்மட் செய்யாதீர்கள். செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைச் சோதிக்கும் கருவி), டீஃபிராக் (சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் கருவி) எதையும் ஓட்டாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 100% பற்றி. அது எவ்வளவு தரவு போய்வந்தது என்ற கணக்கு இல்லை. டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்ற கணக்கு. ஒரே ஒரு துண்டைப் படிக்கச் சொல்லி, அந்த விநாடி முழுக்க டிஸ்க் அதிலேயே மாட்டிக்கொண்டிருந்தாலும் 100% என்றுதான் காட்டும். நீங்கள் பார்த்த 0.1 எம்பியும் உண்மை, 100%உம் உண்மை.

அதனால் பார்க்க வேண்டிய எண் வேறு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் தாவலுக்குப் போய் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் கீழே ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று மில்லிவிநாடியில் ஓர் எண் இருக்கும். 5400 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்று சுற்ற சுமார் 11 மில்லிவிநாடி ஆகும். தரவைப் படிக்கும் தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், நல்ல டிஸ்க் ஒரு கோரிக்கைக்கு 15, 20 மில்லிவிநாடியில் பதில் சொல்லிவிடும். பல நிரல்கள் ஒரே சமயத்தில் கேட்டால் வரிசை நீண்டு 100, 200 வரை ஏறலாம். அதுகூடப் பரவாயில்லை. ஆனால் போய்வரும் தரவு ஒன்றுமே இல்லாமல், இந்த எண் மட்டும் ஆயிரக்கணக்கில் நின்றால், குற்றவாளி நிரல் இல்லை, டிஸ்க்தான்.

விரைவுச்சாவி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. சிஸ்மெயின் என்பது பழைய சூப்பர்ஃபெட்ச். நீங்கள் அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கும். தேடலுக்காகக் கோப்புகளைப் பட்டியலிடும் சர்ச் இண்டெக்ஸரும் டிஸ்க்கைப் புரட்டும். ஆனால் அவை வேலை செய்தால் பட்டியலில் பெயர் தெரியும், எம்பி கணக்கும் தெரியும். உங்கள் பட்டியல் காலியாக இருக்கிறது. உங்கள் டிஸ்க்கைப் பற்றி எனக்குக் கவலை வந்ததே அதனால்தான். அந்தச் சத்தம் இன்னும் கூடுதல் கவலை.

இப்போது மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அதே பெர்ஃபார்மன்ஸ் தாவலின் அடியில் ஓபன் ரிசோர்ஸ் மானிட்டர் என்று இருக்கும். அதில் டிஸ்க் தாவலைத் திறந்து வையுங்கள். கணினி நிற்கும்போது எந்தக் கோப்பின் ரெஸ்பான்ஸ் டைம் எகிறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். அங்கே சோர்ஸ் 'டிஸ்க்' என்று, எண் 7 அல்லது 153 உள்ள பதிவுகள் இருக்கின்றனவா பாருங்கள். 7 என்றால் பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன இடம். 153 என்றால் ஒரு கோரிக்கை தோற்று, மறுபடி முயன்றார்கள் என்று பொருள். மூன்றாவது, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல். டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்களை அது காட்டும். அதில் 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளின் ரா வேல்யூவை (மூல எண்ணை) மட்டும் எழுதுங்கள்.

முடிந்தால் இதையெல்லாம் செய்வதற்கு முன்பே, உங்களுக்கு உயிரான கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

நள்ளிரவு:

எனக்கும் இதே மாதிரிதான் இருந்தது, ஆனால் காரணம் வேறு. 4 ஜிபி ரேமில் இருபது டேப் திறந்து வைத்திருந்தேன். ரிசோர்ஸ் மானிட்டரில் பேஜ்ஃபைல்தான் (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு) எப்போதும் மேலே இருக்கும். மெமரி தாவலில் ஹார்டு ஃபால்ட்ஸ் (ரேமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்க நேர்ந்த தடவைகள்) வரைபடம் உச்சியிலேயே நின்றது. ரேம் இன்னொரு 4 ஜிபி போட்டதும் அடங்கிவிட்டது. அதையும் ஒருமுறை பாருங்கள்.

மெய்ப்புப்பணி:

எல்லாருக்கும் நன்றி. சுழல்தட்டு சார், நீங்கள் சொன்னபடி பார்த்துவிட்டேன்.

ரெஸ்பான்ஸ் டைம் சாதாரணமாக 20, 25 என்று இருக்கிறது. நிற்கும்போது 4,000, 7,000 என்று போகிறது, ஒருமுறை 11,000ஐயும் தாண்டியது. அப்போதும் படிக்கும் வேகம் ஏறக்குறைய பூஜ்ஜியம்தான். பேஜ்ஃபைல் பட்டியலில் வருகிறது, ஆனால் அது எகிறவில்லை. நான் மெய்ப்புப் பார்த்து முடித்த ஒரு பழைய புத்தகத்தின் ஸ்கேன் பிடிஎஃப் ஒன்று இருக்கிறது. அந்த ஃபோல்டரைத் திறந்தாலே நிச்சயமாக நிற்கிறது, ஒவ்வொரு முறையும். நான் அதைத் தொடாவிட்டாலும் சர்ச் இண்டெக்ஸர் அந்தக் கோப்பைத்தான் படிக்க முயல்கிறது என்று ரிசோர்ஸ் மானிட்டரில் தெரிந்தது.

ஈவென்ட் வியூவரில் 153 வரிசையாக இருக்கிறது. இடையிடையே 7. நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன், கணினி நின்ற நேரங்களோடு அப்படியே பொருந்துகிறது.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் காஷன் என்கிறது. 05 பூஜ்ஜியம். சி5 ரா வேல்யூ கடைசியில் 30. சி6ம் 30. சி7 பூஜ்ஜியம். மொத்த டிஸ்க்கில் 30 செக்டர், அதாவது 30 சின்னத் துண்டுகள் என்பது தூசு இல்லையா? இதற்காகவா இவ்வளவு தடுமாற்றம்?

சுழல்தட்டு:

அழகாகப் பார்த்திருக்கிறீர்கள், இனி ஊகிக்க எதுவும் இல்லை.

முதலில் அந்த 30. அந்த நிரல் ரா வேல்யூவை ஹெக்ஸ் முறையில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) காட்டும். ஹெக்ஸில் 30 என்றால் நம் கணக்கில் 48. அதாவது 48 செக்டர்களை டிஸ்க்கால் படிக்க முடியவில்லை, என்ன செய்வதென்று முடிவு செய்யாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. சி5 என்பது அதுதான். சி7 பூஜ்ஜியம் என்பதால் கேபிள் மேல் சந்தேகம் இல்லை. சி7 ஏறிக்கொண்டே இருந்தால் இணைப்பைக் கழற்றி மாட்டச் சொல்லியிருப்பேன்.

48 செக்டர் எப்படி முழுக் கணினியையும் நிறுத்துகிறது என்று கேட்டீர்கள். மங்கிப்போன ஒரு வரியை நீங்கள் கண்ணுக்கு நேரே வைத்துத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பீர்களே, டிஸ்க் அதையே செய்கிறது. படிக்க முடியாத செக்டர் வந்தால் தலையைச் சற்று விலக்கி, மறுபடி கொண்டுவந்து, அடுத்த சுற்றில் பார்க்கிறது, அதற்கடுத்த சுற்றிலும் பார்க்கிறது. சாதாரண வீட்டு உபயோக டிஸ்க்குகள் பல விநாடிகள் இப்படி முயன்ற பிறகுதான் கைவிடும். விண்டோஸும் விடாமல் மறுபடி கேட்கும். நீங்கள் கேட்ட அந்த "கிர்ர்... டிக்" இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதுவரை வேர்டு கேட்டதும், பிரவுசர் கேட்டதும், விண்டோஸே கேட்டதும் பின்னால் காத்துக் கிடக்கின்றன.

இன்னொரு விஷயம். கூகுள் தன்னுடைய ஏராளமான டிஸ்க்குகளை வைத்து 2007ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இப்படி நிறுத்திவைக்கப்பட்ட செக்டர் முதல்முறையாகத் தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு மற்றவற்றைப் போல 16 மடங்கு என்று அதில் கண்டார்கள். அதே ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் எண்கள் எதிலும் முன்னறிவிப்பே காட்டவில்லை. உங்கள் டிஸ்க் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. சர்ச் இண்டெக்ஸரை இப்போது நிறுத்திவிடுங்கள் (விரைவுச்சாவி சொன்னது இங்கே பயன்படுகிறது), முழு வைரஸ் ஸ்கேன் எதுவும் காத்திருந்தால் ரத்து செய்யுங்கள். டிஸ்க்கை வீணாகப் புரட்டும் எதுவும் வேண்டாம். நடப்பு வேலைக் கோப்புகளை முதலில் எடுங்கள், அளவில் சிறியவை, சீக்கிரம் முடியும். அடுத்து படங்கள். மொத்தமாக இழுக்காமல் ஒவ்வொரு ஃபோல்டராகக் காப்பி செய்யுங்கள், கட் வேண்டவே வேண்டாம். ஒரு கோப்பில் மாட்டிக்கொண்டால் ஸ்கிப் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த ஸ்கேன் பிடிஎஃப்பைக் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

செக்டிஸ்க் ஏன் வேண்டாம் என்றேன் என்றால், ஆர் ஸ்விட்ச்சோடு ஓட்டினால் அது டிஸ்க் முழுவதையும் ஒவ்வொரு செக்டராகப் படிக்கும். தள்ளாடும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைப்பது அது. நோக்கமும் ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துவதே தவிர, உங்கள் படத்தைக் காப்பாற்றுவது இல்லை. ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சில நாள் வேகமாகத் தெரியலாம். ஆனால் தட்டு அதே தட்டுதான்.

கோப்புகள் வெளியே வந்ததும் எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் வழக்கமான குளோன் நிரல்கள் பலவும் படிக்க முடியாத செக்டரில் நின்றுவிடும். ஸ்கிப் செய்த கோப்புகள் கட்டாயம் வேண்டுமென்றால் லினக்ஸ் பென்டிரைவிலிருந்து டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு நிரலை ஓட்டுங்கள். அது முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டது என்று மேப் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தி மறுபடி தொடரலாம்.

மெய்ப்புப்பணி:

வேலைக் கோப்புகள் அனைத்தும் வந்துவிட்டன. படங்களில் மூன்று மட்டும் ஸ்கிப் ஆகின, டிடிரெஸ்க்யூ ஓட்டியதில் அவற்றில் இரண்டு முழுதாகத் திறக்கின்றன. மற்றொன்றில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். பிடிஎஃப்பில் சில பக்கங்கள் போயின, அது பதிப்பகத்திடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்வேன். எஸ்எஸ்டி போட்டாயிற்று. அதே 8 ஜிபி ரேம்தான், வேர்டு தட்டியவுடன் திறக்கிறது.

இரண்டு சந்தேகம். புது டிஸ்க்கில் சிஸ்மெயினையும் சர்ச்சையும் நிறுத்தியே வைக்கவா? பழைய டிஸ்க்கை ஒரு உறையில் போட்டு பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாமா?

சுழல்தட்டு:

ரொம்ப மகிழ்ச்சி. சிஸ்மெயினும் சர்ச்சும் ஓடட்டும், எஸ்எஸ்டிக்கு அது ஒரு சுமையே இல்லை. சர்ச்சை நிறுத்தினால் உங்கள் கோப்புகளுக்குள் சொல் தேடுவதுதான் சிரமமாகும், அது உங்கள் தொழிலுக்கே வேண்டியது.

பழைய டிஸ்க் பேக்கப்புக்கு வேண்டாம். அந்தச் சாம்பல் படத்துக்காக இன்னொரு முறை முயலப் போகிறீர்கள் என்றால் அதுவரை அப்படியே மின்சாரம் கொடுக்காமல் வையுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் கிளீன் ஆல் கொடுத்து முழுக்க அழியுங்கள். செலக்ட் டிஸ்க் கொடுக்கும்போது எண்ணையும் கொள்ளளவையும் இருமுறை சரிபாருங்கள், தவறான டிஸ்க்கில் ஓட்டினால் திரும்ப வழியில்லை. அழித்து முடித்ததும் சி5 பூஜ்ஜியமாகி, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நீல நிறத்தில் குட் என்றுகூடக் காட்டலாம். மேலே புதிதாக எழுதியதால் அந்த 48 செக்டர்களும் நிலுவைப் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும், அவ்வளவுதான். சில மாற்று இடத்துக்குப் போயிருந்தால் 05 ஏறியிருக்கும். அந்த நீலத்தை நம்பி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.