"வெள்ளிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம்": கைடுக்கு இப்படி மெயில் போடலாமா?

எரிதழல்:
நேற்று கடலோடி ஒரு அறிவுரை எழுதியிருந்தார். பிஎச்டி கைடுடன், அதாவது ஆய்வு நெறியாளருடன், மீட்டிங் முடிந்ததும் பேசியதைச் சுருக்கி மெயில் அனுப்ப வேண்டுமாம். கடைசி வரியில் "வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் உங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று போட்டுவிட்டால் எந்தக் கைடும் அப்புறம் பேச்சு மாற முடியாதாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

சுருக்கம் அனுப்புவது நல்ல பழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கடைசி வரிதான் விஷம். அது வக்கீல் நோட்டீஸ் பாஷை. முதல் வருட மாணவர் யாராவது இதை நம்பி அப்படியே அனுப்பிவிடப் போகிறார் என்பதால்தான் தனி இழையே தொடங்குகிறேன். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சோடு போகட்டும். ஆய்வகத்தில் மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான்: மெயிலை இன்னும் படிக்கவில்லை.

கடலோடி:
தனி இழை தொடங்கி மரியாதை செய்ததற்கு நன்றி. ஆனால் நான் எழுதியதை முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்பட்டிருக்கலாம்.

கைடு பேச்சு மாறுவது எப்படி நடக்கும் தெரியுமா? மார்ச்சில் "மூன்றாவது சோதனை வேண்டாம், விட்டுவிடு" என்பார். ஆகஸ்டில் ஆய்வை மதிப்பிடும் குழு உறுப்பினர்கள் முன்னால் உட்கார்ந்து "மூன்றாவது சோதனை எங்கே?" என்று அவரே கேட்பார். பெரும்பாலும் பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருக்காது. மார்ச்சில் பேசியது உண்மையிலேயே மறந்திருக்கும். அந்த நேரத்தில் மாணவர் கையில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

அதனால்தான் நான்கு விஷயம் எழுதச் சொன்னேன்: என்ன முடிவானது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எந்தக் கேள்வி பாக்கி. 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும், மூன்று நாள் கழித்து அனுப்பினால் மதிப்பு பாதி. அந்தக் கடைசி வரிதான் இதற்குப் பல். அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது டைரிக் குறிப்பு.

பிழைதிருத்தி:
ஒரு சின்னக் கேள்வி. "சம்மதம்" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? வேலையைத் தொடங்கலாம் என்பதையா, முடிவை ஏற்றுக்கொண்டேன் என்பதையா? இதைத் தெளிவாக்கிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

எரிதழல்:
கடலோடி, பல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கடிக்கத்தான் அந்த வரி என்பது உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

வெள்ளி போகிறது, பதில் இல்லை. கைடு கருத்தரங்குக்குப் போயிருக்கிறார். திங்கள் காலை மாணவர் மைனஸ் 80 டிகிரியில் இருந்த திசு மாதிரிகளை எடுத்து உருக்கி ஆர்என்ஏ பிரிக்கத் தொடங்குகிறார். செவ்வாய்க்கிழமை கைடு வந்து "அதைப் புரதத்துக்கு வைக்கச் சொல்லியிருந்தேனே" என்கிறார். உருகியதை மறுபடி உறைய வைத்தால் பழைய மாதிரி திரும்ப வருமா? அப்போது "நீங்கள் வெள்ளிக்குள் பதில் போடவில்லை" என்று நீட்டினால் அந்த மெயில் யாரைக் காப்பாற்றும்?

நான் சொல்லும் வாசகம் இது: "நான் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். திங்கள் காலை இரண்டாம் தொகுதித் தரவை மறுபடி ஓட்டத் தொடங்குகிறேன்." அவ்வளவுதான். கெடு கிடையாது, மிரட்டல் கிடையாது. திரும்ப மாற்றிக்கொள்ள முடிந்த வேலைக்கு மட்டும் இது. மாதிரியை உருக்குவது, பெரிய தொகைக்குப் பொருள் வாங்குவது, ஆய்வேட்டில் ஒரு இயலையே நீக்குவது என்றால் வாய்திறந்த சம்மதம் வாங்காமல் கை வைக்கக் கூடாது.

கடலோடி:
அதே வரிக்குச் சர்க்கரை தடவியிருக்கிறீர்கள். "திங்கள் தொடங்குகிறேன்" என்பதும் கெடுதானே?

எரிதழல்:
இல்லை. உங்கள் வரி அவர் மனதில் இருப்பதை நீங்களே முடிவு செய்கிறது. என் வரி நான் செய்யப்போவதை மட்டும் சொல்கிறது. இரண்டும் ஒன்றென்று தோன்றுகிறவருக்கு நான் என்ன சொல்லிப் புரியவைப்பது?

வெண்பலகை:
மறுபக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எட்டு மாணவர் உள்ள கைடுக்கு வாரம் எட்டுச் சுருக்க மெயில் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு கெடு. அதை நாகரிகம் என்று சொல்ல முடியாது.

பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் மாணவர் கேட்கும் விதம். நாற்பது பக்க ட்ராஃப்டை இணைத்து "பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் யாரும் திறக்க மாட்டார்கள். ஓர் இயலை மட்டும் அனுப்புங்கள். மேலே மூன்று கேள்வி எழுதுங்கள்: "படம் 2இல் பிழைக்கோடு சரியா? முறைகள் பகுதியில் மாதிரி எண்ணிக்கைக்குக் காரணம் போதுமா? விவாதத்தின் இரண்டாம் பத்தியை எடுத்துவிடலாமா?" இரண்டு வார அவகாசம் கொடுத்து, எதற்காக அந்தத் தேதி என்பதையும் சொல்லுங்கள். பதில் வரும். கடலோடித் தம்பி முதலில் இதைக் கற்றுக்கொள்ளட்டும்.

கடலோடி:
"தம்பி" எதற்கு இங்கே? என் வயது உங்களுக்குத் தெரியுமா? இதே தொனிதான் கைடு அறையிலும் ஓடுகிறது. இரவு பதினொன்றரைக்கு "அந்தப் படத்தை உடனே அனுப்பு" என்று செய்தி வரும், ஞாயிறு காலை "ஏன் பதில் இல்லை" என்று வரும். அவர் போடும் கெடுவுக்குப் பெயர் ஈடுபாடு. மாணவர் போட்டால் மட்டும் நாகரிகக் குறைவு!

வெண்பலகை:
இரவில் அனுப்பினால் இரவிலேயே பதில் வேண்டும் என்று அர்த்தமில்லை. தோன்றும்போது எழுதி வைப்பவர்கள் உண்டு.

மூன்றாம்ஆசிரியர்:
அர்த்தமில்லை என்றால் அதை அவரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மெயிலைக் காலை ஒன்பதுக்குப் போகும்படி நேரம் குறித்து வைக்கும் வசதி எதற்கு இருக்கிறது? சேர்ந்த முதல் மாதமே மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்த நேரத்தில் ஆய்வகத்தில் இருக்க வேண்டும், செய்திக்கு எத்தனை மணி நேரத்தில் பதில், அவசரம் என்றால் மெயிலா போனா. இதைக் கேட்காமல் இரண்டு வருடம் ஓட்டிவிட்டால் இரவுப் பதிலே வழக்கமாகிவிடும். அதற்குப் பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

மெயில் சண்டைக்கு வருகிறேன். மெயிலே தேவையில்லை. இருவரும் திறக்கக்கூடிய ஒரே ஆவணம் போதும். ஒவ்வொரு மீட்டிங்குக்கும் தேதி போட்ட தலைப்பு, பேசும்போதே தட்டச்சு, யார் எப்போது மாற்றினார்கள் என்பது பதிப்பு வரலாற்றில் தானாக நிற்கும். யாரையும் மிரட்ட வேண்டாம்.

தேதியிட்ட குறிப்பின் பலம் தெரிய வேண்டுமானால் ஆல்பர்ட் ஷாட்ஸைப் பாருங்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மன் என்ற கைடின் மாணவர். 1943 ஆகஸ்ட் 23 என்று தேதி போட்டுக் குறிப்பேட்டில் தொடங்கிய சோதனையிலிருந்து வந்தது ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து. 1944 கட்டுரையில் முதல் பெயர் அவருடையது, காப்புரிமையிலும் பெயர் இருந்தது. 1950இல் வாக்ஸ்மன் மேல் வழக்குப் போட்டார். சமரசத்தில் இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற அங்கீகாரமும் ராயல்டியில் 3 சதவீதமும் கிடைத்தது. எழுத்தில் இருந்ததால்தான் கிடைத்தது.

எரிதழல்:
ஷாட்ஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1952இல் நோபல் வாக்ஸ்மனுக்கு மட்டும். கைடு மேல் வழக்குப் போட்டவர் என்ற பெயர் ஷாட்ஸோடு ஒட்டிக்கொண்டது, முன்னணி ஆய்வகங்களில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எழுத்து ஜெயித்தது, அவர் தொழில் வாழ்க்கை அடிவாங்கியது. பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது அதே கைடுதான் என்பதை மறந்து போடும் வரிதான் அந்த வெள்ளிக்கிழமை வரி.

மூன்றாம்ஆசிரியர்:
அப்படியானால் ஷாட்ஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? தவறு அவரை ஒதுக்கியவர்கள் மேல். நீங்களோ பாதிக்கப்பட்டவருக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

எரிதழல்:
நான் பாடம் எடுக்கவில்லை. வரியைப் பற்றிப் பேசுகிறேன். வரிக்கு வாருங்கள்.

கட்டுரை விஷயத்திலும் அந்த வரி செல்லாது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, அதாவது ஐசிஎம்ஜேஇ, ஆசிரியர் என்று பெயர் போட நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியது அல்லது ஆழமாகத் திருத்தியது, வெளியாகும் இறுதிப் பதிப்புக்கு ஒப்புதல், வேலை முழுவதற்கும் பொறுப்பேற்பது. நான்காவது 2013இல் சேர்ந்தது. மூன்றாவதைக் கவனியுங்கள். ஒருவர் பதில் போடாததை ஒப்புதல் என்று சொல்லிக் கட்டுரையை இதழுக்கு அனுப்பினால், அவர் பின்னால் "நான் பார்க்கவே இல்லை" என்று இதழுக்கு ஒரு மெயில் போட்டால் போதும், கட்டுரை நின்றுவிடும். வெளியான பிறகு போட்டால் திரும்பப் பெறவும் நேரலாம்.

கடலோடி:
கட்டுரை அனுப்புவதற்கு அந்த வரியைப் போடச் சொன்னேனா? எங்கே சொன்னேன்? காட்டுங்கள்.

நீங்களே எடுத்த ஐசிஎம்ஜேஇ இன்னொன்றும் சொல்கிறது: நிதி திரட்டியதோ பொதுவான மேற்பார்வையோ மட்டும் ஆசிரியர் ஆவதற்குப் போதாது, அதை நன்றியுரையில் குறிப்பிடலாம். ட்ராஃப்டைத் திறந்தே பார்க்காத கைடுக்கு எதற்கு ஆசிரியர் பட்டியலில் கடைசிப் பெயர்? இதைப் பற்றிப் பேச இங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

வெண்பலகை:
மாணவர் மெயிலுக்குப் பதில் போடாதவர் எல்லாம் ஆய்வில் பங்கில்லாதவர் ஆகிவிடுவாரா? கேள்வியை வடிவமைத்தவர் யார்?

பிழைதிருத்தி:
மறுபடி கேட்கிறேன். சம்மதம் என்றால் என்ன? எரிதழல் மாதிரியை உருக்குவதைச் சொல்கிறார், கடலோடி பேச்சு மாறுவதைச் சொல்கிறார். இரண்டும் வேறு வேறு.

எரிதழல்:
வரி ஒன்றுதான் பிழைதிருத்தி. எங்கே போட்டாலும் அது அதே வேலையைத்தான் செய்யும்.

பதிலே வராத கைடுக்கு என்ன செய்வது என்று கடலோடி கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் பொறுத்து, அதே மெயில் இழையில் ஒற்றை வரி நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் பத்து நிமிடம் நேரில் கேளுங்கள், கையில் ஒரு பக்க அச்சுப்பிரதியோடு. பிறகு இணை நெறியாளரிடமோ குழு உறுப்பினரிடமோ போங்கள். போகும்போது புகாரைக் கொண்டுபோகாதீர்கள், ட்ராஃப்டைக் கொண்டுபோய்க் கருத்துக் கேளுங்கள். "கைடு இன்னும் பார்க்கவில்லை" என்பது பேச்சில் தானாக வெளியே வரும். அதன் பிறகுதான் துறையின் ஆய்வுப் படிப்புப் பொறுப்பாளர், குறைதீர் அதிகாரி. முதல் மெயிலிலேயே துறைத் தலைவருக்கு சிசி போடுகிறவர்கள் முதல் படியிலேயே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

மெயிலை எல்லாம் சொந்தக் கணக்குக்குத் தள்ளி வைப்பதும் ஆபத்து. வெளியாகாத தரவு அதில் இருந்தால் நிறுவன விதியை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். தேதியும் முடிவும் மட்டும் உள்ள குறிப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோடி:
இவ்வளவு படி ஏறுவதற்குள் ஒரு செமஸ்டர் போய்விடும். என் ஒரு வரி அதைத்தான் மிச்சப்படுத்துகிறது. அந்தப் படிகள் எதிலும் கைடு சொன்னதை மாற்றிச் சொன்னால் என்ன செய்வது என்பதற்குப் பதிலே இல்லை.

எரிதழல்:
சுருக்க மெயிலே அதற்குப் பதில். ஆகஸ்டில் அவர் கேட்கும்போது மார்ச் மெயிலை எடுத்துக்காட்டினால் போதும். அதில் வெள்ளிக்கிழமை மிரட்டல் இருந்தால் குழு உறுப்பினர்கள் பார்ப்பது உங்கள் தொனியை, இல்லாவிட்டால் அவர் மாற்றிப் பேசியதை. இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடலோடி:
முதல் பதிவில் குழு உறுப்பினர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போய்ப் படித்துப் பாருங்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறீர்கள். அந்த வரியை நான் எடுக்கப்போவதில்லை, என் பழைய பதிவும் அப்படியே இருக்கும்.

வெண்பலகை:
இப்படிப் பிடிவாதம் பிடிப்பவருக்கு எந்தக் கைடுதான் பதில் போடுவார்?

மூன்றாம்ஆசிரியர்:
இதோ, மறுபடி மாணவர் மேலேயே பழி. ஆவண வழியைப் பற்றி மூன்று பேரில் ஒருவர்கூடப் பேசவில்லை.

எரிதழல்:
ஆவணத்திலும் யாராவது "வெள்ளிக்குள் திருத்தாவிட்டால் சம்மதம்" என்று எழுதி வைத்தால் அதையும் எதிர்ப்பேன். கடலோடி, உருகிப்போன மாதிரிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.